வாய்க்கு எட்டியது

இலி ஆறு ஏரியில் சேர்வதற்கு முன்
இருபது முறை மனம் மாறுகிற இடத்தில்
எங்கள் கூடாரம்.
ஏப்ரல் பிறந்தும் விடியலில்
வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கிறது.

எர்முகான் வண்டியிலிருந்து ரப்பர் குழாயை இறக்குகிறான்.
அதன் நுனியில் வெள்ளை ஃபிளானல் சுற்றுவது என் வேலை.
பிள்ளைக்குத் துணி சுற்றுவது போல் இருக்கிறதே என்றான் ஒருநாள்.
தீப்பந்தத்துக்குச் சுற்றுகிறேன் என்றேன்.

வளைக்குள் போகிறது துணி,
மூன்று முழம், நான்கு முழம்.
மணல் எலிகள் வெட்டிய சந்துகள்.
சக்சாவுல் தழை சேர்த்த அறை.
குட்டிகள் கிடந்த அறை.
இப்போது யாரும் கிடக்காத அறை.
மெல்ல வெளியே இழுத்தால்
துணியெல்லாம் எள்.
எள் துள்ளுகிறது.

நாற்பத்தொன்று என்கிறேன். எழுதிக்கொள்கிறான்.
வீட்டில் ஆள் இருந்தால்
தெள்ளு இத்தனை வாசலுக்கு வராது.
இவை வாசலிலேயே நின்றிருந்தன,
எந்த மூச்சின் வெம்மையானாலும் சரியென்று.
துணியையும் உடம்பென்று நம்பி ஏறியவை.

மதியம் கூடாரத்தில்
கண்ணாடிச் சில்லில் ஒன்றைக் கிடத்தி
ஊசியால் பிளந்தேன்.
தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கதவு,
உள்பக்கம் முள் பதித்தது.
கிருமிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி
தாமே பசையாகி
அதை அடைத்திருந்தன.

குடிக்கிறது. இறங்கவில்லை.
இன்னும் உறிஞ்சுகிறது. இறங்கவில்லை.
வாய்க்கு எட்டியது வயிற்றுக்கு எட்டவில்லை.
திணறி,
குடித்ததைக் குடித்த இடத்திலேயே கக்குகிறது,
அடைப்பின் ஒரு துணுக்கோடு.
பிறகு அடுத்த எலி. அதற்கடுத்தது.
வயிறு நிறைந்த தெள்ளு ஒரு கடியோடு ஒதுங்கும்.
இது சாகும்வரை
வீடு வீடாகப் போகும்.

குறிப்பேட்டில் 'அடைப்பு: ஆம்' என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்தில் அவ்வளவுதான் இடம்.

எர்முகான் வரைபடம் விரிக்கிறான்.
குடியிருக்கும் வளைக்குச் சிவப்புப் பென்சில்,
காலியானதை வெறுமனே விடு.
வெற்று வட்டங்கள் மிகுந்த ஆண்டுகளில்
நோய் நாலு வீடு நடந்து
அடுத்த வாசல் எட்டாமல் படுத்துவிடும்.
இந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தது.
புல் நன்றாக முளைத்தது.
மூன்றாம் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறான்.

செத்த எலியின் தழை அறைக்குள்
பக்கத்து எலி நுழைவதை நேற்றுப் பார்த்தேன்.
வாய் நிறையக் கவ்விக்கொண்டு
வால் நுனி தூக்கி
ஓட்டமாக வீடு போனது.
தனியாகப் போகவில்லை.

பொழுது சாயும் நேரம் மோட்டார் சைக்கிளில் குல்பாஷ் வந்தாள்.
ஒட்டகம் காலை இழுக்கிறது,
இரண்டு நாளாகத் தீனி தொடவில்லை,
மெலிவதற்குள் அறுத்துவிடலாம் என்கிறார் வீட்டில்.
எங்கே படுக்கும் உங்கள் ஒட்டகம் என்று கேட்டேன்.
அவள் கை காட்டிய மேட்டில்
நாங்கள் காலையில் எண்ணிய வளைகள்.

கத்தியை வாங்கிக் கூரையில் செருகினோம்.
ஒட்டகத்தின் ரத்தம் சோதனைக் குழாயில்;
விடை நாளை மாலை.
அதுவரை யாரும் தொடாதீர்கள்.
குல்பாஷ் என் சிறு குப்பியை
விளக்கருகே தூக்கிப் பார்த்தாள்.
இத்தனூண்டா?
ஆமாம்.
பசியோடவா இருந்துச்சு?
ஆமாம்.
அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.
ரொட்டியைப் பிட்டுப் பிட்டு
எல்லார் முன்னாலும் வைத்தாள்.

தேநீர் சூடாக இருந்தது.
எர்முகான் பஞ்சு விலை பேசினான்.
மூலையில் அவள் மகன் மெய்ராம்
கால்சட்டை விளிம்பைத் தூக்கிக்
கணுக்காலைச் சொறிந்தான்.

பேச்சு நின்றது.
எல்லோரும் அவன் காலைப் பார்த்தோம்.

கொசு, என்றான்.

வெளியே வாளியில்
தண்ணீர் மறுபடி உறையத் தொடங்கியிருந்தது.